மடக்கி இழுத்துச் செல்லும் வீடு

மெல்பேர்ன் நகரிலிருந்து கிழக்கே செல்லும் பிரின்சஸ் நெடுஞ்சாலையில், டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முடியும் வரை ஒரு விசித்திரமான ஊர்வலத்தைக் காணலாம். அவுஸ்திரேலியாவில் அது கோடை விடுமுறைக் காலம். கார்களின் பின்னால் வீடுகள் போய்க்கொண்டிருக்கும். சில, சன்னலும் கதவும் வைத்த உயரமான வெள்ளை வீடுகள். சில, படகுகள். இவற்றுக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் குறைவான, தட்டையான, இறுக மூடிய சாப்பாட்டுப் பெட்டி போன்ற ஒன்றும் அடிக்கடி கண்ணில் படும். அதற்குள் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கும் என்று சொன்னால் நமது ஊரில் யாரும் இலகுவில் நம்பமாட்டார்கள்.

இதுதான் மடிப்புக் கரவன். தரித்து நிற்கும் இடத்தில் ஒரு கைபிடியைச் செருகிச் சுற்றினால் நான்கு மூலைகளிலும் உள்ள கம்பங்கள் கூரையை மெல்ல மேலே தூக்குகின்றன. முன்னும் பின்னும் இரண்டு கட்டில்கள் அலுமாரி லாச்சியைப் போல வெளியே இழுபடுகின்றன. மடிந்து கிடந்த கன்வஸ் துணி விரிந்து சுவராகிறது. உள்ளே சிறிய எரிவாயு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மேசை, குளிர்சாதனப் பெட்டி. பழகிய கைகளாயின் கால் மணி நேரத்தில் வீடு தயாராகிவிடும். பயணத்தின்போது தாழ்ந்து கிடப்பதால் காற்று அதை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. பெரிய வாகனம் இல்லாதவர்களும் சாதாரணக் காரால் இழுத்துச் செல்லலாம். வீட்டில் கார் நிறுத்தும் கூரையின் கீழேயே வைத்துவிடலாம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லொயிட் பொன்ட்ரேகர் என்ற பண்ணைக்காரர், கூரையைத் தூக்கும் பொறிமுறை ஒன்றைக் கண்டுபிடித்து, தமது கோழிக்கூடுகளையும் களஞ்சியத்தையுமே தொழிற்சாலையாக்கி 1968இல் ஜேகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதே பெயரில் அவுஸ்திரேலியாவில் ஜெரி ரயன் என்பவர் 1975இல் மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே கிரான்பேர்னில் ஒரு தொழிற்சாலையை ஆரம்பித்தார். அவர்கள் வண்டிகளுக்குப் பறவைகளின் பெயர்களைச் சூட்டினார்கள். அன்னம், புறா, கழுகு, பூநாரை என்று ஒரு பறவைக் கூட்டமே அந்நாட்டு வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றில் முப்பது வயதைத் தாண்டியவையும் பல உள்ளன.

அரபுக் கல்லூரியில் சொற்களின் வேரைத் தேடப் பழகியவனுக்கு இந்த வண்டியைப் பார்த்தவுடன் வேறொரு நினைவும் வந்தது. கரவன் என்பது பாரசீகத்தின் 'கார்வான்' என்ற சொல். அரபியில் அதனை 'காஃபிலா' என்பர். அதன் வேருக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். புறப்பட்டுப் போகும் கூட்டத்தைத் 'திரும்பி வருவது' என்று அழைப்பானேன்? நலமாகத் திரும்பி வரட்டும் என்ற நற்குறியாகவே அப்படிப் பெயரிட்டனர் என அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். பின்னால் இழுத்துச் செல்லப்படும் வண்டிக்கு இன்றைய அரபியில் 'மக்தூரா' என்று பெயர். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய ஒட்டக வரிசைக்குப் பழைய சொல் 'கிதார்'. அது இப்போது ரயிலுக்கு வழங்குகிறது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஆக, பெட்டி புதிதே தவிர பயணம் பழையது.

எனது தங்கச்சி குடும்பம் மெல்பேர்னின் தென்கிழக்கே, டண்டினோங் பகுதியில் வசிக்கிறது. ஆப்கானியர், இந்தியர், இலங்கையர் எனப் பல நாட்டவரும் கலந்து வாழும் இடம் அது. 2024 ஜனவரியில் நான் அங்கு சென்றிருந்தபோது முற்றத்தில் படங்கு போட்டு மூடிய பழைய மடிப்புக் கரவன் ஒன்று நின்றது. 1993இல் செய்யப்பட்டது. எந்த நிறுவனத்தினது என்பது இங்கே தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்நாட்டில் இருந்தும், தங்கச்சி கண்ட அவுஸ்திரேலியா வீடு, பாடசாலை, வேலைத்தலம், ஹலால் இறைச்சிக்கடை என்ற நான்கு முனைகளுக்குள் அடங்கிப் போயிருந்தது. விடுதிகளில் தங்கினால் அறைக்கும் செலவு, சாப்பாட்டுக்கும் தேடல். தனது சட்டியில் தான் சமைத்து, பிள்ளைகளுடன் தொழுது, யார் கண்ணிலும் படாமல் முந்தானையைத் தளர்த்தி உட்காரக்கூடிய ஓர் இடம் சக்கரத்தில் கிடைக்குமென்றால் அது பழையதானாலும் பரவாயில்லை என்பது அவளது எண்ணம்.

விற்றவர்கள் வயதான ஒரு தம்பதியினர். "மழை பெய்தால் பின் மூலையில் கசியும், அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று அந்த மூதாட்டியே முதலில் சொல்லிவிட்டாராம். இது விலை குறைவதற்கும் காரணமாயிற்று. ஆனால் 'கசியும்' என்ற அந்தச் சிறிய சொல்லுக்குள் எவ்வளவு வேலை மறைந்திருந்தது என்பது படங்கை நீக்கிய பிறகே தெரிந்தது.

பழைய மடிப்புக் கரவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று நீர், மற்றொன்று பாரம். இரண்டும் கண்ணில் படாமல் நுழைபவை. வெளித் தகரத்துக்கு நிறம் பூசி, உள்ளே புதுத் திரைச்சீலை தொங்கவிட்டால் எந்தப் பழைய வண்டியும் மணப்பெண் போல நிற்கும். அதன் நோய் தெரிய வேண்டுமானால் மூக்கையும் கையையும் நம்ப வேண்டும். கதவைத் திறந்தவுடன் பழைய கோணிச்சாக்கின் வாசம் வந்தால், எங்கோ பலகை ஈரத்தில் கிடக்கிறது என்று பொருள். கூரையின் உட்புறத்தில் தேயிலைச் சாயம் ஊற்றியது போன்ற மண்ணிற வளையங்கள் தெரிந்தாலும் அப்படியே.

மச்சான் ஒரு ஸ்குரூ டிரைவரால் பின் மூலையை மெதுவாக அழுத்தினார். அது வெந்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவது போல உள்ளே போனது. வெளியே பளபளக்கும் அலுமினியத் தகட்டுக்குக் கீழே இருந்த மரச்சட்டம் உக்கிப் போயிருந்தது. இரண்டு சாண் நீளம். இதை அழகுக் குறை என்று விட்டுவிட முடியாது. கூரையைத் தாங்கும் நான்கு கம்பங்களில் ஒன்று பொருந்தும் இடமே அந்த மூலைதான். அங்கே மரம் பிடிப்பை இழந்தால், உள்ளே பிள்ளைகள் படுத்திருக்கும்போது கூரை ஒரு பக்கமாகச் சரியக்கூடும். கூரையை மூடிப் பூட்டி இழுத்துச் செல்லும்போதும், நூறு கிலோமீற்றர் வேகத்தில் காற்று முதலில் பற்றி இழுப்பது பிடிப்பு இல்லாத மூலையைத்தான்.

நீர் நுழைந்த வழி வேறு இடத்தில் இருந்தது. இதை நமது ஓட்டுக் கூரை வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒழுக்கு விழும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறொன்று. கூரை விளிம்பை மூடியிருந்த அலுமினியச் சட்டத்தின் கீழ் முன்பு வைத்திருந்த மக்குப்பசை காய்ந்து கல்லாகி வெடித்திருந்தது. ஸ்குரூ ஆணிகள் துருப்பிடித்து அவற்றின் துளைகள் பெருத்திருந்தன. இதை யாரோ முன்பு கண்டு, சட்டத்தைக் கழற்றாமல், மேலாகவே சிலிக்கோன் பசையை அப்பிவிட்டிருந்தார்கள். மேலே அப்பிய பசை, நுழைகிற நீரை முழுதாகத் தடுக்காது. நுழைந்த நீர் வெளியேறுவதை மட்டும் நன்றாகத் தடுக்கும். வண்டிகள் கெடுவது மழையால் மட்டுமல்ல, இத்தகைய வைத்தியத்தாலும்தான்.

சிலிக்கோனைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கும் ஒரு வகை, குழாயிலிருந்து வரும்போதே வினாகிரி வாசம் அடிக்கும். மச்சான் வாங்கி வைத்திருந்ததைத் தங்கச்சி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அச்சாறு போடுற வாசமல்லவா?" என்றாள். உண்மையில் அது அதே அமிலம்தான். காயும்போது வெளிவரும் அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். தவிரவும் ஒருமுறை சிலிக்கோன் பட்ட இடத்தில் பின்னர் வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது. குளியலறைக் கண்ணாடிக்கு அது உதவலாம். கரவனுக்கு அமிலமற்ற வகை அல்லது பொலியூரித்தேன் பசைதான் ஏற்றது. சட்டத்தின் அடியில் வைப்பதற்கு பியூட்டைல் நாடா என்றொன்று உண்டு. பிசைந்த ரொட்டி மாவைப் போல இளகிய, கறுப்பு அல்லது சாம்பல் நிற நாடா அது. பல்லாண்டுகளுக்கு இறுகாமல் இருப்பதால் வண்டி அதிரும்போது அதுவும் சேர்ந்து அசைந்து கொடுக்கும்.

சட்டம் கழற்றப்பட்டது. பழைய பசை முழுவதையும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டியெடுக்க இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. உக்கிய மரத்தை, நல்ல மரம் தெரியும் வரை வெட்டியெடுத்தார்கள். அந்த இடத்தில் புதிய சட்டத்தைப் பொருத்தி உடனே மூடிவிட வேண்டும் என்று மச்சான் அவசரப்பட்டார். விடுமுறை ஓடுகிறது, கரவன் நிறுத்தும் இடத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று. தங்கச்சி விடவில்லை. "ஈரத்தை உள்ளே வச்சுத் தச்சா, திரும்பவும் இதே இடத்தைத்தான் வெட்ட வேணும். காயட்டும்" என்றாள். பக்கத்து மரம் காயும் வரை ஒரு வாரம் காத்திருந்தார்கள். பகலில் வெயில், இரவில் படங்கு. பயணத் திகதி தள்ளிப் போனது. முற்பணத்தில் ஒரு பகுதியும் போனது. அந்த வீட்டில் மூன்று நாட்கள் சற்று மௌனமாகவே கழிந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனது தீர்ப்பைக் கேட்டால், அந்த ஒரு வாரம்தான் முழு வேலையின் உயிர்.

பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, நாடா ஒட்டி, துருப்பிடிக்காத, சற்றுப் பருமனான ஸ்குரூ ஆணிகளால் சட்டத்தை முடுக்கினார்கள். ஒரேயடியாக இறுக்கவில்லை. நாடா மெதுவாகப் பிதுங்கி இடம்பிடிக்க, மறுநாள் மீண்டும் சிறிது முடுக்கி, பிதுங்கியதை வழித்தெடுத்து, விளிம்பில் ஒரு கோடு பசை இட்டார்கள்.

கன்வஸ் துணி தங்கச்சியின் பொறுப்பு. இதை வாசிக்கும் சகோதரிகளில் தையல் தெரிந்தவர்களுக்கு இப்பகுதி சுவையாக இருக்கும். கிழிந்த இடங்களுக்குத் தடித்த ஊசியால், உள்ளே பொலியெஸ்டரும் வெளியே பருத்தியும் சுற்றிய நூலால் ஒட்டுத்துணி போட்டாள். பொலியெஸ்டர் பலத்தைத் தரும். பருத்தி நனைந்தவுடன் ஊதி ஊசித் துளையை அடைக்கும். கன்வஸின் இரகசியமே இதுதான். புதிதாகத் தைத்த கன்வஸ் முதல் மழையில் ஒழுகத்தான் செய்யும். அதை விரித்து, நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிட்டு, மீண்டும் நனைத்து என இரண்டு மூன்று தடவை செய்தால் இழைகள் பருத்து நெருங்கி, தையல் துளைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இதைக் கன்வஸைப் பழக்குதல் என்பார்கள். அதன் பின்னும் கசியும் தையலில் தேன்மெழுகுக் கட்டியைத் தேய்த்தால் போதுமானது.

சலவைத்தூள் கன்வஸுக்குப் பகை. நீரை ஒட்டவிடாத பூச்சை அது கழுவிக் கொண்டுபோய்விடும். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையுமே போதும். பூஞ்சணம் பிடித்த கரும்புள்ளிகளுக்கு மட்டும் நீர் கலந்த வினாகிரியைத் தடவி, காயவிட்டுத் துலக்கினாள். கூரைக்கு ஆகாத வினாகிரி சுவருக்கு ஆகிறது! இறுகிப்போன சிப்புகளில் மெழுகுதிரியைத் தேய்த்ததும் அவை சின்னப் பிள்ளையின் கைக்கும் ஓடின.

கடைசியில் பரீட்சை. மச்சான் வெளியே ஹோஸ் பைப்புடனும், நான் உள்ளே டோர்ச்சுடனும் ஒரு சோக்குக் கட்டியுடனும். இங்கும் ஒரு முறை இருக்கிறது. எடுத்த எடுப்பில் கூரை உச்சியில் நீரை ஊற்றக் கூடாது. எல்லா இடமும் ஒன்றாக நனைந்தால் வழி எதுவென்று தெரியாது. கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு தையலாக, ஒவ்வொரு விளிம்பாக மேலே ஏற வேண்டும். எந்தக் கட்டத்தில் உள்ளே துளி தெரிகிறதோ அங்கே வட்டம் போட வேண்டும். ஐந்து வட்டங்கள் விழுந்தன. எல்லாம் தையலில். பின் மூலை காய்ந்திருந்தது.

இனிப் பாரம். கரவனின் முன்புறச் சட்டத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். வெறுமையாக எவ்வளவு நிறை, பொருட்களோடு ஆகக் கூடியது எவ்வளவு என்பது அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த வண்டியின் உச்ச நிறை 1200 கிலோ. நமது பெண்கள் பயணத்துக்குப் பொருட்கள் கட்டும் அழகு உங்களுக்குத் தெரியாததல்ல. பத்துக் கிலோ அரிசி, பருப்பு, பால்மா, கறித்தூள் போத்தல்கள், இரண்டு பெரிய சட்டிகள், இடியப்ப உரல், தொழுகைப் பாய்கள், குளிருக்குக் கம்பளிகள், போதாக்குறைக்கு சம்பல் இடிக்க ஒரு கல்லுரல். குடிநீர்த் தொட்டியில் 55 லீற்றர் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

பொது நிறுவை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது 1270 கிலோ காட்டியது. மச்சான் எதுவும் பேசவில்லை. தங்கச்சியும் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டி காலியாக்கப்பட்டது. போகும் இடத்தில் குழாய் இருக்கிறது. கல்லுரல் வீடு திரும்பியது. கம்பளிகளில் பாதியும், பழைய இரும்பு மேசை ஒன்றும் இறங்கின. இடியப்ப உரல் மட்டும் தப்பிக்கொண்டது.

எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எங்கே என்பது இன்னொரு கேள்வி. மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னாலுள்ள இழுவைக் குண்டின் மேல் அழுந்த வேண்டும் என்பது அந்நாட்டில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஆனால் காருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. இதைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. வீட்டில் ஆள் நிறை பார்க்கும் தராசை, ஒரு மரக்குற்றியோடு இணைப்பின் கீழே வைத்தால் போதும். முதலில் 60 கிலோவே காட்டியது. பாரமான பொருட்கள் எல்லாம் பின் கட்டிலின் கீழே அடுக்கப்பட்டிருந்ததே காரணம். பின்புறம் கனத்த வண்டி, வேகத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் பெருத்தால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். அரிசியும் சட்டிகளும் சக்கரத்துக்கு மேலாக, நடுவே, தரையோடு வைக்கப்பட்டபின் அது 115 ஆனது.

1860இல் மெல்பேர்னிலிருந்து கண்டத்தின் உட்பகுதியைத் தேடிப் புறப்பட்ட பேர்க், வில்ஸ் ஆகியோரின் குழுவுக்காகக் கப்பலில் ஒட்டகங்கள் வந்திறங்கின. அவற்றை நடத்தும் ஆட்களும் கூடவே வந்தனர். பின் வந்த ஆண்டுகளில் ஆப்கான், பலூச்சி, பஞ்சாபி ஒட்டகக்காரர்கள் பலர் வந்து அந்நாட்டின் பாலை வழிகளில் பாரம் சுமந்தார்கள். அடிலெய்டில் 1880களின் இறுதியில் பள்ளிவாசல் எழுப்பியவர்களும் அவர்களே. ஒட்டகத்தின் இரு பக்கமும் பாரம் சமமாகத் தொங்க வேண்டும் என்பது அவர்களின் முதற் பாடம். சமனில்லாத சுமை முதலில் விலங்கின் முதுகைப் புண்ணாக்கும், பிறகு நடையைக் கெடுக்கும். சக்கரம் வந்த பின்னும் அந்தப் பாடம் மாறவில்லை.

வண்டியின் கீழ்ப்பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டயர்களில் பட்டன் தேயாமல் புதிது போலிருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் 1814 என்றன. அதாவது 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். நின்ற இடத்திலேயே வயதாகி, விளிம்பில் மயிரிழை வெடிப்புகள். கரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். இரண்டும் மாற்றப்பட்டன. சக்கரப் பெயாரிங்குகளுக்குப் புதிய கிறீஸ் வைத்தார்கள்.

பிரேக் இவ்வண்டிகளில் ஒரு நூதனம். 750 கிலோவுக்கு மேல் சென்றால் அவுஸ்திரேலியாவில் இழுவை வண்டிக்குத் தனிப் பிரேக் வேண்டும். பழைய வண்டிகளில் மின்சாரம் இல்லாத ஒரு முறை உண்டு. கார் வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் கரவன் அதை முட்டித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலில் முன் இணைப்பு உள்ளே சரிந்து கரவனின் பிரேக்கைத் தானே அழுத்துகிறது. பின்னோக்கிச் செல்லும்போதும் கரவன் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைத் தடுக்க ஒரு சிறு கொக்கி இருக்கும். பின்னோக்கி எடுத்து முடிந்ததும் கொக்கியை விடுவிக்காவிட்டால் கரவனுக்குப் பிரேக்கே இல்லை. தங்கச்சி அந்தக் கொக்கியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டாள். நாடா தொங்கினால் புறப்படக் கூடாது.

புறப்பட்டோம். கரவனுக்குள் படுத்துக்கொண்டே வரலாமா என்று மருமகன் கேட்டான். ஓடும் கரவனுக்குள் ஆட்கள் இருப்பது அங்கே சட்டவிரோதம். எரிவாயுப் போத்தல்களின் வாயையும் மூடியாயிற்று.

வரகுல் என்ற ஊரில் முதல் தரிப்பு. இறங்கியதும் இரு சக்கரங்களின் நடுக்குடத்தையும் கையால் தொட்டுப் பார்த்தோம். வலது பக்கம் இளஞ்சூடு. இடது பக்கம் கை வைக்க முடியவில்லை. ஜாக்கியால் உயர்த்திச் சக்கரத்தைச் சுழற்றினால் பிரேக் உரசும் ஓசை கேட்டது. புதிதாக முடுக்கியது சற்று அதிகமாகிவிட்டது. தளர்த்தி, ஆறவைத்து, மீண்டும் கிளம்ப ஒரு மணித்தியாலம். அந்தச் சூட்டோடு தொடர்ந்திருந்தால் பெயாரிங் கிறீஸ் உருகிச் சக்கரமே கழன்றிருக்கும்.

பச்சைப் பசும் பால்பண்ணைகள் முடிந்து லட்ரோப் பள்ளத்தாக்கு வந்தது. பழுப்பு நிலக்கரி பூமி. 2017இல் மூடப்பட்ட ஹேசல்வூட் மின்நிலையத்தின் எட்டுப் புகைபோக்கிகளும் 2020இல் தகர்க்கப்பட்டுவிட்டன. அவை நின்ற திசையை மச்சான் கை காட்டினார். அதைத் தாண்டி ஒரு நீண்ட லொறி எங்களை முந்தியது. முந்தும் வாகனத்தின் காற்று முதலில் கரவனைத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். கரவன் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது. மச்சான் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மட்டும் எடுத்தார். அடங்கிவிட்டது. சிறிது தூரத்தில், வீதியோரப் புல்வெளியில் உயரமான ஒரு கரவன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. கோப்பைகளும் தலையணைகளும் சிதறியிருந்தன. அதன் குடும்பத்தார் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள், காயமில்லை. கல்லுரலைப் பற்றி அதன் பிறகு எங்கள் வண்டியில் யாரும் பேசவில்லை.

பேர்ன்ஸ்டேல் கடந்து கலிம்னாவின் மேட்டை அடைந்ததும் கண்முன்னே ஏரிகளும் மணல்திட்டும் அதற்கப்பால் நீலக் கடலும் விரிந்தன. ஜிப்ஸ்லாந்து ஏரிகளைக் கடலோடு இணைக்க 1889இல் மனிதர் வெட்டித் திறந்த வாய்க்கால் அங்கேயிருந்து தெரிகிறது. ஊரின் பெயரே அதனால் லேக்ஸ் என்ட்ரன்ஸ், அதாவது ஏரிகளின் வாசல். அழகில் மயங்கும் அந்த இடத்திலேயே வீதி சரிவாக இறங்குகிறது. சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து இறங்கினோம். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிமானத்தை இழக்கும்.

கரவனைப் பின்னோக்கி இடத்தில் நிறுத்துவது வேறொரு கதை. ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் கரவன் இடப்புறம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே கரவனும் போகும் என்ற எளிய உபாயத்தைப் பக்கத்து இடத்துக் கிழவர் ஒருவர் சொல்லித் தந்தார். அதற்கு முன் நடந்த கணவன் மனைவி உரையாடலை நான் எழுதப்போவதில்லை.

மூன்று நாட்கள். பேன்ஸ்வில் துறையிலிருந்து சங்கிலியில் இழுபடும் தோணியில், கட்டணமின்றி, ரேமண்ட் தீவுக்கு நடந்தே போனோம். 1953இல் அங்கு கொண்டுவிடப்பட்ட கோலாக்களின் வாரிசுகள் யூக்கலிப்டஸ் கிளைகளில் தூங்கி வழிந்தன. ஏரியில் கறுப்பு அன்னங்கள். மாலையில் தங்கச்சி சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும். இரண்டாம் இரவு கூரை மேல் உழுந்து கொட்டுவது போல மழை பிடித்தது. எல்லோரும் விழித்துக்கொண்டோம். தங்கச்சி டோர்ச்சை எடுத்துக்கொண்டு நேரே பின் மூலைக்குப் போனாள். பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தாள். "காஞ்சிருக்கு" என்றாள். குளிருக்கு அடுப்பைப் பற்ற வைக்கலாமா என்று மகள் கேட்டதற்கு மச்சான் கண்டிப்பாக மறுத்தார். மூடிய கன்வஸுக்குள் கரியோ எரிவாயுவோ எரிந்தால் மணமற்ற நச்சு வாயு உறங்குபவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். கம்பளி போதாமல் இரண்டு பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள் சுருண்டார்கள்.

மூன்றாம் நாள் காலையும் தூறல் விடவில்லை. ஈரத்தோடுதான் மடக்க வேண்டியிருந்தது. ஈரக் கன்வஸ் மடிந்தபடி இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர் ஓடி இரவு வீடு சேர்ந்தபோது மச்சான் களைத்துப் போயிருந்தார். காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் இஷாவை முடித்து வெளியே வந்தபோது முற்றத்தில் கைபிடி சுற்றும் ஓசை. தங்கச்சி தனியே கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கட்டில்களை இழுத்து, கன்வஸை விரித்து, எல்லாச் சிப்புகளையும் திறந்துவிட்டாள்.

இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. முன் கட்டிலின் ஓரத்தில் மட்டும் ஒரு கையளவு கறை தெரிந்தது. நனைந்த கன்வஸை உட்புறமாகத் தொட்டால் தொட்ட இடத்தில் நீர் ஊறும். மழை இரவில் மருமகன் தூக்கத்தில் கையை அதில் சாய்த்திருக்கிறான். அவனது ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. அதைச் சுற்றி அவள் சோக்கால் வட்டம் போட்டாள். தேன்மெழுகுக் கட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். ஈஸ்டர் விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.